குற்றங்களை எண்ணும் வேலையைக் காவல் நிலையத்திடம் மட்டும் விடலாமா?

பெருந்தொற்றால் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020-இல், இந்தியாவில் குற்றங்கள் 28 சதவீதம் கூடியதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொன்னது. 2019-இல் 51.56 லட்சமாக இருந்த வழக்குகள் 66.01 லட்சமாகியிருந்தன. திருடர்களும் கொலைகாரர்களும் பெருகிவிடவில்லை. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (இ.பி.கோ.) 188-ஆவது பிரிவில் முந்தைய ஆண்டு 29,469 ஆக இருந்த வழக்குகள், அந்த ஓராண்டில் 6,12,179 ஆகிவிட்டன. பெரும்பாலும் ஊரடங்கில் வெளியே வந்தவர்கள்மீது போடப்பட்ட வழக்குகள் அவை. தமிழ்நாட்டில் மட்டும் இ.பி.கோ. வழக்குகள் எட்டு லட்சத்தைத் தாண்டின. 2021 பிப்ரவரியில் மாநில அரசே ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் பத்து லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்னொரு செய்தியும் காப்பகத்தின் அறிக்கையில் இருந்தது. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,05,326-இலிருந்து 3,71,503 ஆக, அதாவது 8.3 சதவீதம் குறைந்துவிட்டனவாம். ஆனால் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் அதே ஆண்டில் கூடி 23,722-ஐத் தொட்டன; அவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை வீட்டு வன்முறை பற்றியவை. அடிப்பவனோடு ஒரே வீட்டில் அடைபட்டு, பேருந்தும் ஓடாத நாளில், ஒரு பெண் எந்த வழியாகக் காவல் நிலையம் போயிருப்பாள்? குறைந்தது குற்றமல்ல, குற்றத்தைப் போய்ச் சொல்லும் வழி.

நாம் குற்ற எண்ணிக்கை என்று சொல்லிக்கொண்டிருப்பது, காவல் துறை எத்தனை வழக்குப் பதிந்தது என்ற எண்ணிக்கை. குற்றம் கூடுவதும் வழக்குப் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆனால் அறிக்கை வெளியாகும் அன்று அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் ஆளுங்கட்சி ஒரு பத்தியைக் காட்டுகிறது, எதிர்க்கட்சி இன்னொரு பத்தியைக் காட்டுகிறது. மக்கள்தொகைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் கேரளத்தின் இ.பி.கோ. வழக்கு விகிதம் 2022-இல் நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருந்தது. உத்தரப் பிரதேசமும் பிகாரும் அதே ஆண்டில் தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தன. கேரளத்தைவிட பிகாரில் நிம்மதியாக நடமாடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? படித்தவர்கள் அதிகமாகவும் காவல் நிலையம் ஏறத் தயங்காதவர்களாகவும் இருக்கும் மாநிலம், புகாரை வாங்கிக்கொள்ளும் மாநிலம், பட்டியலில் கெட்ட பெயர் வாங்குகிறது. புகாரைத் திருப்பியனுப்பும் மாநிலத்துக்கு நல்ல பெயர். சரக்கை விற்பவரிடமே தராசையும் கொடுத்துவிட்டு எடை சரியா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சம்பவம் எண்ணாக மாறும் பாதையைக் கவனித்தால் இது விளங்கும். பைக்கில் வந்தவர்கள் ஒருவரின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். பறிகொடுத்தவர்களில் பலர் ‘கிடைக்கவா போகிறது’ என்று விட்டுவிடுவார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறவரிடம் ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், புது சிம் வாங்க அது போதும்’ என்பார்கள். தொலைந்ததாக எழுதினால் அது குற்றமே இல்லை. பறித்தார்கள் என்றே எழுதுவேன் என்று உறுதியாக நிற்பவருக்கும் பெரும்பாலும் கையில் கிடைப்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிந்தால்தான் அது ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஏறும், சி.எஸ்.ஆர். ஏறாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இருந்தும் நடைமுறை இப்படித்தான். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகும் ஒரு வடிகட்டி இருக்கிறது: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் சேரும். பாலியல் வன்கொடுமை செய்து கொலையும் செய்தால் அது பாலியல் வன்கொடுமை எண்ணிக்கையில் சேராது. டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், திருட்டுக்கு ஆளானவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போய்ச் சேர்ந்தவர்கள் பத்தில் ஒருவரைவிடக் குறைவு என்று தெரியவந்தது.

திருட்டு போகட்டும். இதைவிட என்னைக் கலங்க வைப்பது வீட்டுக்குள் நடப்பது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21) திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது 38.1 சதவீதம். நான்காவது சுற்றில் இருந்த 40.6-இலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாலும், நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் நம்முடையதும் ஒன்று. இப்போது காவல் துறைக் கணக்குக்கு வருவோம். கணவனோ அவன் உறவினரோ செய்த கொடுமைக்காக 2022-இல் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1.4 லட்சம். இந்த வகை வழக்குகளில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றில் இரண்டைக்கூட எட்டுவதில்லை. ஒரு கணக்கின்படி நம் மாநிலத்து மனைவியரில் மூன்றில் ஒருவருக்கு மேல் அடிபட்டிருக்கிறார்கள். இன்னொரு கணக்கின்படி நம் மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டி. இரண்டும் ஒரே மாநிலத்தைப் பற்றியவை. இடையில் என்ன நடக்கிறது என்பதையும் அதே கணக்கெடுப்பே சொல்கிறது. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதத்தினரே யாரிடமாவது உதவி கேட்டார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி கேட்டவர்களில் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. காவல் நிலையத்துக்குப் போனவர்கள் மிகச் சொற்பம். 1992-இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. ஆனால் அங்கே போகும் மனுவும் பெரும்பாலும் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, சமாதானம் என்று எழுதி வாங்கி முடிகிறது. சமாதானம் வேண்டும் என்று கேட்கும் பெண்களும் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மனு எண்ணாக மாறாமல் போகிறது என்பதே என் கவலை.

நலக் கணக்கெடுப்பு இவ்வளவை எப்படி வெளிக்கொண்டு வந்தது? கேட்ட விதத்தால். ‘உங்கள் வீட்டில் வன்முறை உண்டா’ என்று கேட்டால் யாரும் ஆமென்று சொல்லமாட்டார்கள். கணவன் கன்னத்தில் அறைவதை வன்முறை என்று எண்ணாத பெண்களே நம்மிடம் ஏராளம். அதனால் கேள்வித்தாள் செயல் செயலாகக் கேட்கிறது. தள்ளியிருக்கிறாரா, எதையாவது தூக்கி எறிந்திருக்கிறாரா, அறைந்திருக்கிறாரா, கையை முறுக்கியோ முடியைப் பிடித்து இழுத்தோ இருக்கிறாரா, முஷ்டியால் குத்தியிருக்கிறாரா, உதைத்திருக்கிறாரா, கழுத்தை நெரித்திருக்கிறாரா, சூடு வைத்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாக. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் இந்தப் பகுதி கேட்கப்படும். மாமியாரிடமும் மருமகளிடமும் ஒன்றாகக் கேட்டால் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். தனிமை கிடைக்காவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே கூடாது. கேட்பவர் பயிற்சி பெற்ற பெண். இவ்வளவு பக்குவத்தோடு கேட்டால்தான், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒன்று வெளியே வருகிறது. அப்போதும் முழுமையாக வந்துவிடாது. 38.1 என்பது குறைந்தபட்ச எண் என்றே கொள்ள வேண்டும்.

குற்றங்களையும் இப்படி மக்களிடமே கேட்டுக் கணக்கெடுக்கும் முறையை அமெரிக்கா 1970-களின் தொடக்கத்திலிருந்தே தேசிய அளவில் கடைப்பிடிக்கிறது. நமக்கு அதிகம் கற்றுத்தருவது பிரிட்டன். அங்கே 1982-இல் தொடங்கிய குற்றக் கணக்கெடுப்பு, வீடு வீடாகப் போய், கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறது. 2014 ஜனவரியில், இங்கிலாந்து–வேல்ஸ் காவல் துறைப் பதிவுகளுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் பறித்தது. அந்த ஆண்டு இறுதியில் காவல் துறையை ஆய்வு செய்யும் அமைப்பு நடத்திய சோதனையில், சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம், அதாவது ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல், பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. பாலியல் குற்றங்களில் இது 26 சதவீதம். அதன் பிறகு காவலர்கள் ஒழுங்காகப் பதியத் தொடங்கினார்கள். வன்முறைக் குற்ற எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. நம் ஊரில் இப்படி நடந்தால் ‘சட்டம் ஒழுங்கு சீர்கெட்டது’ என்று தலைப்புச் செய்தி வரும், அடுத்த ஆண்டே பழையபடி பதிவைக் குறைத்துவிடுவார்கள். அங்கே கணக்கெடுப்பு அப்படிப்பட்ட ஏற்றம் எதையும் காட்டவில்லை. எனவே ஏறியதில் பெரும்பகுதி பதிவில் வந்த திருத்தம் என்று சொல்ல ஆதாரம் இருந்தது. நேர்மையாகப் பதிகிற அதிகாரிக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எது? மோசடி, கணினி வழிக் குற்றங்கள் பற்றிய கேள்விகளை அந்தக் கணக்கெடுப்பில் பின்னாளில் சேர்த்தபோது மொத்தக் குற்ற எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. அதுவரை கேட்காததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கும் அப்படி ஒரு கணக்கெடுப்பு வேண்டும் என்றால், மக்கள் சொல்வதை எப்படி நம்புவது, மறந்திருப்பார்கள், மிகைப்படுத்துவார்கள் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். இரண்டு ஆண்டுக்கு முன் போன சங்கிலியைப் போன வருஷம் போனதாகச் சொல்வது மனித இயல்பு. கலங்க வைத்த சம்பவம் மனதில் கிட்டத்தில் நிற்கும், சின்ன இழப்பு மறந்துபோகும். புள்ளியியலாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒரே வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போகிறது. போன முறை சொன்னதையே மறுபடி சொன்னால் தெரிந்துவிடும். நம் கணக்கெடுப்பில் தீபாவளி, பொங்கல், தேர்தல், பள்ளித் திறப்பு என்று நாள்களை நினைவூட்டிக் கேட்கலாம். பிழை இருக்கும், ஆனால் எவ்வளவு பிழை என்று கணக்கிட்டுச் சொல்ல முடியும். காவல் நிலையப் பதிவில் இருக்கும் பிழையை அப்படிக் கணக்கிட வழியே இல்லை. அந்தந்த நிலையத்தின் மனநிலைக்கும் மேலிடத்து நெருக்கடிக்கும் ஏற்ப அது மாறும்.

கணக்கெடுப்பால் எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதும் உண்மை. கொலையானவரிடம் கேட்க முடியாது. லஞ்சம், கஞ்சா போன்றவற்றில் ‘பாதிக்கப்பட்டேன்’ என்று கைதூக்க ஆளில்லை. அவற்றுக்குக் காவல் துறைப் பதிவே ஆதாரம்; கொலை எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது ஓரளவு நம்பகமானதும்கூட. என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு: வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பு, கதவே இல்லாதவர்களை விட்டுவிடும். நடைபாதையில் தூங்குபவர்கள், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்கள், விடுதியில் தங்கி மில் வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர்தான் அதிகம் பறிகொடுப்பவர்கள். அவர்களே கணக்குக்கு வெளியே நிற்பார்கள். சாதிக் கொடுமையும் அப்படித்தான். ஊர்த் தெருவிலிருந்து வந்த ஒருவர் சேரிக்குள் வந்து ‘உங்களை யாராவது மிரட்டினார்களா’ என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளின் எண்ணிக்கையும் பதிவைச் சார்ந்ததுதான் என்பதால், இங்கே இரண்டு கணக்குமே ஊமையாகிவிடும் ஆபத்து இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குத் தனி மாதிரிகளும், வெளியூரைச் சேர்ந்த கணக்கெடுப்பாளர்களும், எண்களோடு நிற்காமல் மாதக்கணக்கில் பேசிப் பழகி எழுதப்படும் சமூகவியல் கள ஆய்வும் தேவை. செலவு கூடும். கூடட்டும்.

இப்படிக் கணக்கெடுப்பது மக்களை வீணாகப் பீதிப்படுத்தும், காவல் துறையின் மனவலிமையைக் குலைக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. மக்கள் தங்கள் தெருவில் நடப்பதை ஏற்கெனவே அறிவார்கள், அறியாதது அரசுதான். பதியப்படாத குற்றம் எந்தத் திட்டத்திலும் இடம்பெறாது. எந்தப் பேருந்து நிறுத்தத்தில் விளக்கு வேண்டும், எந்த வட்டத்துக்கு இன்னொரு மகளிர் காவல் நிலையம் வேண்டும், இணைய மோசடிக்கான 1930 எண்ணைப் பணம் இழந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் எஃப்.ஐ.ஆர். கணக்கை வைத்து முடிவு செய்தால், சத்தமாகப் புகார் சொல்லத் தெரிந்தவர்களின் பகுதிக்கே காவலர்களும் கேமராக்களும் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கெடுப்பை நடத்தத் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளில் மாநிலங்கள் தம் பங்குக்கு மாதிரிகளைச் சேர்த்து நடத்துவது பழைய வழக்கம். மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு அந்தப் பழக்கமும் ஆட்களும் உண்டு. நடத்துவது உள்துறையாக இருக்கக் கூடாது. கேட்பவர் காக்கியின் ஆள் என்று தோன்றினாலே பதில் மாறிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. கேள்வித்தாளை வடிவமைக்கவும் சரிபார்க்கவும் அதுபோன்ற துறைகளைப் பயன்படுத்தலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாவட்ட வாரியாக நடத்தி, முடிவையும் பெயர் நீக்கிய மூலத் தரவையும் காவல் துறை மானியக் கோரிக்கைக்கு முன்னால் பொதுவில் வைக்க வேண்டும். கேள்விகளில் மூன்றை மட்டும் யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்: உங்களுக்கு என்ன நடந்தது, காவல் நிலையம் போனீர்களா, போனபோது உங்கள் கையில் என்ன கொடுத்தார்கள்.