கம்பத்தைப் படம் எடுக்கிறவன் விசரன் இல்லை

ஒவ்வொரு மாதமும் முதலாம் திங்கட்கிழமை மத்தியானம் 12 மணிக்கு நெதர்லாந்து முழுக்கச் சைரன் ஊதும். 1 நிமிடம் 26 செக்கன். இங்கே பிறந்த பிள்ளைகள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். புதிதாக வந்த எங்கட ஆட்கள்தான் மேசைக்குக் கீழே இடம் தேடுவார்கள்.

இந்தச் சைரன்களைத் தேடித் தேடிப் படம் எடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. கடற்கரைப் பட்டினத்துக்குப் போனால் ஊரெல்லாம் கடலைப் பார்க்கும், இவர்கள் கூரையையும் கம்பத்தையும் பார்ப்பார்கள். எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, சோதனை நாளில் ஊதினதா இல்லையா, எல்லாம் எழுதி வைப்பார்கள். சமையலறையில் இதைச் சொன்னேன். "அண்ணை, அவங்களுக்கு வேற வேலை இல்லையோ? இப்ப ஆரிட்ட போன் இல்லை?" என்று பொடியள் சிரிச்சாங்கள்.

இதே போன் கதையைத்தான் அரசாங்கமும் சொன்னது. 2012 இல் கைத்தொலைபேசி எச்சரிக்கை வந்தது. பிறகு சைரனை நிறுத்தப் போகிறோம் என்பதும், திகதியைத் தள்ளிப் போடுவதுமாக வருடங்கள் போயின. இத்தனைக்கும் இது 1953 ஐக் கண்ட நாடு. பெப்ரவரி 1 விடியற்காலையில் கடல் அணையை உடைத்து வந்தபோது சேலாந்துச் சனம் நித்திரை. வானொலி இரவில் மூடிக் கிடந்தது. 1,836 பேர் செத்தார்கள்.

போனை மட்டும் நம்புகிறவர்கள் ஹவாயில் உள்ள லஹைனாவைப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்ட் 8 அன்று நெருப்பு அந்தக் கடற்கரைப் பட்டினத்தை விழுங்கியபோது மின்சாரமும் போய், தொலைபேசித் தொடர்பும் போய்விட்டது. சைரன்கள் நின்றன, ஆனால் ஒருவரும் அமத்தவில்லை. பொறுப்பாக இருந்த அதிகாரி என்ன சொன்னார்? ஊதினால் சனம் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், அதாவது நெருப்புக்குள்ளே ஓடியிருக்கும் என்றார். 102 பேர் செத்த பிறகு வந்த விளக்கம்! சனத்துக்கு விளங்காத சைரனை வைத்திருந்தது யாருடைய பிழை? செத்த சனத்தின் பிழையா?

அதே ஹவாயில் ஹீலோ என்ற பட்டினத்தில் 1960 மே மாதம் சைரன் ஊதியது. அலை வந்தது நாலு மணித்தியாலத்துக்கும் பிறகு, நடுச்சாமம் தாண்டி. அப்படியும் 61 பேர் செத்தார்கள். அதற்குக் கொஞ்சக் காலம் முன்தான் சைரனின் முறையை மாற்றியிருந்தார்கள். இன்னொருதரம் ஊதும், அப்போது வெளிக்கிடுவோம் என்று பலர் காத்திருந்தார்கள்.

ஆகவே கம்பத்தை மட்டும் எழுதினால் போதாது, அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்பதையும் எழுத வேண்டும். நெதர்லாந்தில் ஊதினால் உள்ளே போ, கதவு யன்னலைச் சாத்து. ஹவாய்க் கரையில் ஊதினால் வானொலியைப் போடு, சுனாமி என்றால் மேட்டுக்கு ஓடு. எங்கள் ஊரில் சைரனே இல்லை. பொம்மர் சத்தத்தைக் காதால் பிடித்துப் பங்கருக்குள் விழுந்தோம். அந்தக் காதோடு வந்த சனத்துக்கு, இங்கே சைரன் கேட்டால் என்ன செய்வது என்று ஆர் தமிழில் சொல்லிக் கொடுத்தது? எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டாலும் வாசிக்கிற பழக்கம் விடவில்லை, அது உதவியது.)

இனி ஊர்க்கதை. 2004 டிசம்பர் 26, நிலம் சுமாத்திராவில் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கடல் எங்கட கிழக்குக் கரைக்கு வந்தது. ஒரு சத்தம் போட ஆளில்லை. அதற்குப் பிறகு இலங்கைக் கரையைச் சுற்றி 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நாட்டினார்கள். அவற்றில் பல வேலை செய்வதில்லை என்று பிறகு பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. வேலை செய்யாத கோபுரம் கோபுரம் இல்லாததை விட மோசம். சனம் அதை நம்பிப் படுத்திருக்கும்.

வருடா வருடம் ஆடி, ஆவணியில் கமெராவோடு ஊருக்குப் போகிறோம். கோயில் கோபுரத்தை நூறு படம் எடுக்கிறோம். முல்லைத்தீவு, பருத்தித்துறை, மட்டக்களப்பு, கல்முனைக் கரைகளில் இந்தக் கோபுரம் கண்ணில் பட்டால் அதையும் ஒரு படம் எடுங்கோ. எந்த இடம், துருப்பிடித்திருக்கா, கடைசியாக எப்போது ஊதினது என்று பக்கத்து வாடியில் கேட்டு, திகதி போட்டு எழுதுங்கோ. எனக்கும் அனுப்புங்கோ. திங்கட்கிழமை எனக்கு லீவு, இருந்து அடுக்கி வைக்கிறேன்.