மாணவர் கட்டுரைப் போட்டியும் நம் சங்கங்களும்

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வார விழாவையொட்டி மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டிகள் வைப்பது வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும், 1904-இல் திரூரில் முதற் சங்கம் தோன்றிய வரலாற்றை நூலைப் பார்த்து எழுதுவதோடு நின்றால், வடசேரி நெசவாளியின் மகன் கண்ட பயன் யாது? வீட்டுத் தறிக்குச் சங்கம் பாவும் ஊடையும் எக்கணக்கில் தருகிறது, கூலியிற் பிடிக்கும் சேமிப்பு எங்கே சேர்கிறது என்பதை அவன் எழுதட்டும். கும்பப்பூப் பயிர் வயலில் நிற்கும் காலம் அது. பயிர்க்கடனை உரிய நாளிற் கட்டினால் வட்டியில்லை, தவணை தவறினால் என்னவாகும் என்று உழவர் மகள் தந்தையைக் கேட்டு எழுதட்டும். தந்தைக்கும் தெரியாதெனில் இருவருமாகச் சங்கத்திற்கு வந்து செயலாளரைக் கேட்கட்டுமே! செயலாளர் சிலருக்கு அது சங்கடமாயிருக்கலாம்; அதற்காக விட்டுவிடலாகாது. பரிசாக எவர்சில்வர் தம்ளர் வேண்டா. தேர்ந்த கட்டுரையை மகாசபைக் கூட்டத்தில், வரவு செலவு அறிக்கைக்கு முன்பாக, எழுதிய பிள்ளையே வாசிக்கட்டும்.