கரண்ட் வந்ததும் ஊமையான கீபோர்ட்



பாடசாலையில் மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாக எடுத்திருக்கும் மகளுக்காக ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய வாப்பா 1980களில் சவூதியில் தொழில் செய்துவிட்டு வரும்போது கொண்டுவந்த கெசியோ கீபோர்ட்டில்தான் பிள்ளை பழகுகிறாள். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த நிமிடத்திலிருந்து அது ஊமையாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்க இப்போது வசதியில்லை. செய்முறைப் பரீட்சையோ நெருங்குகிறது. "பக்கத்து வீட்டு இன்டர்நெட் பெட்டியின் அடப்டர் ஓட்டைக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதைச் செருகிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார். (இசைக்கருவி பற்றிய மார்க்கச் சட்டத்தை அவர் கேட்கவில்லை. நாமும் அதற்குள் போகவில்லை.)

சகோதரி, தயவுசெய்து செருக வேண்டாம். இப்படிப்பட்ட பழைய கருவிகள் பல கரண்ட் கோளாறில் சாவதில்லை. அதன்பின் அவசரத்தில் செருகப்படும் இரண்டாவது அடப்டரில்தான் சாகின்றன.

அடப்டரின் முதுகில் சிறிய எழுத்தில் பல விபரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரு புள்ளியும், அதைச் சுற்றி ஒரு வளையமும், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் அடையாளங்களும் கொண்ட ஒரு சிறு படம் உண்டு. நடுவில் இருப்பது கூட்டலா கழித்தலா என்பதை அது சொல்கிறது. பழைய கெசியோ கீபோர்ட்களுக்கு நடுவில் கழித்தல் வரவேண்டும். இன்டர்நெட் பெட்டிகளின் அடப்டர்களில் பெரும்பாலும் நடுவில் கூட்டல் இருக்கும். யமஹாவின் அடப்டரும் அப்படித்தான். ஓட்டை ஒன்றாக இருந்தாலும் மின்சாரம் தலைகீழாகப் பாயும். வோல்ட்டும் வேறுபடும்: பழைய கெசியோக்கள் மாதிரிக்கு ஏற்ப 7.5 அல்லது 9 வோல்ட் கேட்கும். யமஹாவின் பல மாதிரிகள் 12 வோல்ட் கேட்கும். அம்பியர் மட்டும் கேட்டதைவிடக் கூடினால் பாதகமில்லை, குறையக் கூடாது.

சரி, பழுது எங்கே என்று எப்படி அறிவது? பெட்டரி போட்டுப் பாருங்கள். இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. ஆனால் இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அடப்டரின் முனை கீபோர்ட்டுக்குள் செருகியிருக்கும்வரை பெட்டரியின் தொடர்பை உள்ளே ஒரு சிறு தகடு துண்டித்தே வைத்திருக்கும். சுவரில் ஆளியை மூடியது போதாது. முனையையும் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த பின்னும் சத்தமில்லையானால், அந்தத் தகடு பழைய அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சுவரில் பொருத்தாத வெறும் முனையை நாலைந்து தடவை உள்ளே தள்ளி வெளியே எடுங்கள். பெட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அதைச் சுரண்டித் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே புதுப் பெட்டரி போட வேண்டும். போட்ட பெட்டரி சுட்டால் அந்தக் கணமே கழற்றுங்கள்.

பெட்டரியில் சத்தம் வந்துவிட்டால் கருவி பிழைத்தது. குற்றவாளி அடப்டர்தான், அல்லது அது செருகும் துளையில் விட்டுப்போன ஈயப்பற்று.

வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது என்றதும் எனக்கு வேறொரு சந்தேகமும் வருகிறது. அங்கே நீண்ட காலம் வீடுகளில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டும் பாவனையில் இருந்தன. அக்கால அடப்டர்கள் சிலவற்றில் 110, 220 என்று மாற்றும் சிறு ஆளி இருக்கும். தூசு துடைக்கும்போது அது 110 பக்கம் நகர்ந்திருந்தால் நமது 230 வோல்ட்டில் அடப்டர் எரிந்துபோகும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான்களுக்கும் இதே ஆபத்துண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். அடப்டரை முகர்ந்து பாருங்கள், கருகிய வாசம் தெரியும். பழைய கனமான அடப்டர் நன்றாக இருந்தால், சுவரில் பத்து நிமிடம் இருந்ததும் இலேசாகச் சுடும். கல்லுப்போல் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் அது முடிந்த கதை. மீட்டர் வைத்திருப்பவர் அளந்தால் 9 வோல்ட் அடப்டர் 12, 13 என்று காட்டக்கூடும். பயப்பட வேண்டாம், சுமையில்லாதபோது அந்தப் பழைய வகை அப்படித்தான் காட்டும்.

பெட்டரியிலும் பேசாவிட்டால் திருத்தும் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அங்கே "எல்லாம் எரிஞ்சு போச்சு" என்று முதல் பார்வையிலேயே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் உருகியோ டயோடோ இருந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாதிரிகளில் டயோட் தன்னைக் கொடுத்து உள்ளே உள்ளதைக் காக்கும். அதன் விலை ஒரு தேநீர்க் காசும் வராது. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் மூன்று கால் பாகமும் கடையில் கிடைக்கும். ஒலியை உண்டாக்கும் பெரிய சிப் எரிந்திருந்தால் மட்டுமே வழியில்லை. அது அந்தக் கம்பனிக்கென்றே செய்யப்பட்டது. வேறொரு உடைந்த கீபோர்ட்டிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சுவரிலிருந்து வரும் வயர் அடப்டர் இல்லாமல் நேரே கருவிக்குள் போகும் வகையாக இருந்தால் வீட்டில் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போவது கருவியைக் கெடுப்பதில்லை. அது திரும்பி வரும் நேரத்தில் ஏறி இறங்கும் வோல்ட்தான் கெடுக்கிறது. ஒரு மின்குமிழ் கண்ணைக் கூசும்படி எரிந்து இன்னொன்று மங்கினால் நியூட்ரல் கம்பி விட்டிருக்கிறது என்று பொருள். பிரதான ஆளியை மூடிவிட்டு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சகோதரி, கடைக்குப் போகும்போது பழைய அடப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் எழுத்து அழிந்திருந்தால் கீபோர்ட்டின் அடிப்பக்கத்தில் அதே படம் இருக்கும். மகளை ஒரு தாளில் அதை வரைந்து தரச் சொல்லுங்கள்.