அறுபது படிகளும் கழுத்துச் சுரப்பியும்

சுவாமிமலையில் தந்தைக்கே உபதேசித்த பெருமானைத் தரிசிக்கச் செல்வோர், அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்களைத் தாங்கிய 60 படிகளை ஏறிக் கடக்கின்றனர். கிருத்திகைதோறும் அப்படிகளைத் தவறாது ஏறிவந்த அம்மையார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது அறுபதை நெருங்குகிறது. சில மாதங்களாக இருபதாவது படியிலேயே தொடைகள் கனக்கின்றன. கைப்பிடிக் கம்பியைப் பற்றி நிற்க வேண்டியிருக்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மார்கழி வருமுன்னரே குளிர்கிறது. குரல் கரகரத்து, திருப்புகழ் பாட எழவில்லை. உண்பது குறைந்தும் உடல் பருக்கிறது. வீட்டார் "வயதாகிவிட்டது" என்கின்றனர். அம்மையாரோ, "முருகன் என்னை அழைக்கவில்லை போலும்" என்று கலங்கிக் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திவிடுகிறார்.

அழைப்பு நிற்கவில்லை, ஏறுவதற்கான ஆற்றலே குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் முழங்காலிலன்றிக் கழுத்தில் இருக்கக்கூடும்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது உணவிலுள்ள அயோடினைக் கொண்டு இரு ஹார்மோன்களை உண்டாக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களை உடைய தைராக்ஸின் ஒன்று. அதனை டி-4 என்பர். மூன்று அணுக்களை உடைய டி-3 மற்றொன்று. சுரப்பி மிகுதியாக வெளியிடுவது டி-4ஐயே. ஆயினும் திசுக்களில் முனைந்து வேலை செய்வது டி-3. டி-4 என்பது வங்கியில் இட்டுவைத்த வைப்புநிதி போன்றது. டி-3 கையிலுள்ள ரொக்கம். கல்லீரலும் தசையும் பிற உறுப்புகளும் டி-4இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, வேண்டியபோது வேண்டிய அளவு ரொக்கமாக மாற்றிக்கொள்கின்றன.

இக்கணக்கை மேற்பார்வையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்னும் ஏவலை அதிகமாக அனுப்புகிறது. ஹார்மோன் மிகுந்தால் ஏவலைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவேதான் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். உயர்ந்திருப்பது பெரும்பாலும் சுரப்பி சோர்ந்திருப்பதன் அடையாளமாகிறது. இதனை அறியாமல், எண் கூடியிருப்பதைக் கண்டு ஹார்மோன் கூடிவிட்டதாகக் கருதுவோர் பலர்.

உறங்கும்போதும் உடல் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. 1895இல் ஜெர்மனியின் மாக்னஸ்-லெவி என்னும் மருத்துவர், நோயாளிகள் சுவாசத்தில் செலவிடும் பிராணவாயுவை அளந்தார். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களிடம் அச்செலவு கூடியும், குறைவாகச் சுரப்பவர்களிடம் குறைந்தும் இருந்தன. அடுப்பின் தீயைத் தணிப்பதும் தூண்டுவதும் இச்சுரப்பியே என்பது அளவையால் புலப்பட்டது. உயிரணுக்களின் சுவரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் நுண்ணிய பம்புகளைப் பெருக்குவதும், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களை ஊக்குவதும் தைராய்டு ஹார்மோனின் பணிகள். அவ்வேலையில் எழும் வெப்பமே உடற்சூடு. ஹார்மோன் குறைந்தவர்க்குக் குளிர்வதும், மிகுந்தவர்க்கு வியர்த்துக் கொட்டுவதும் இதனால்தான்.

தசையில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. ஒரு படி ஏறும்போது தசைநார்களுக்குள் கால்சியம் வெளிப்பட, தசை சுருங்குகிறது. கால்சியம் மீண்டும் தன் அறைக்குள் ஏற்றப்பட்டாலே தசை தளரும். அவ்வாறு ஏற்றும் பம்புகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பதில் டி-3க்குப் பெரும் பங்குண்டு. அது குறையும்போது சுருக்கமும் மந்தமாகிறது, தளர்ச்சியும் தாமதமாகிறது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் மருத்துவர் தட்டும்போது, பாதம் துள்ளி, உடனே திரும்பாமல் மெல்லத் திரும்புவது இக்குறைபாட்டின் பழைய அடையாளம். தொடையும் தோளும் வலுவிழத்தல், தசைப்பிடிப்பு, விறைப்பு ஆகியவையும் தோன்றுகின்றன.

ஹார்மோன் மிகுந்தால் வலிமை கூடிவிடும் என்று எண்ணுதலும் தவறு. தீ மிகுந்தால் விறகு விரைந்து எரிந்துபோகும். அதுபோல் தசையின் புரதமே கரைகிறது. நன்றாக உண்டும் எடை குறைகிறது, கைகள் நடுங்குகின்றன, நெஞ்சு படபடக்கிறது. சன்னதியில் விழுந்து வணங்கியவர் எழுந்திருக்கத் தடுமாறுகிறார். முதியோரிடம் படபடப்பு தோன்றாமல், வெறும் அயர்ச்சியும் சீரற்ற நாடித்துடிப்பும் மட்டுமே தென்படுவதும் உண்டு. உடல் இளைக்க வேண்டுமென்று மருத்துவர் சொல்லாமலே தைராய்டு மாத்திரையை உண்பவர்கள், கொழுப்போடு தசையையும் எலும்பின் உறுதியையும் இழக்கின்றனர். இதயத்தையும் இடருக்கு உள்ளாக்குகின்றனர்.

ஆசிய இனத்து இளைஞர்களிடம், ஹார்மோன் மிகுதியால், அரிதாக மற்றொன்று நிகழ்வதுண்டு. விருந்தில் சோறும் இனிப்பும் நிறைய உண்டு உறங்கியவர், விடியலில் கால்களை அசைக்க இயலாமல் விழிக்கிறார். இரத்தத்திலுள்ள பொட்டாசியம் திடீரென உயிரணுக்களுக்குள் புகுந்துவிடுவதே காரணம். இதனைத் திருஷ்டி என்றும் காற்றுக் கருப்பு என்றும் கருதிக் காலம் தாழ்த்துதல் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பத்தினர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது உபவாசம். ஓரிரு நாள் உணவின்றி இருந்தால், உடல் தானாகவே டி-4ஐ டி-3ஆக மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. வரவு குறைந்த வீட்டில் இல்லத்தரசி செலவைச் சுருக்குவது போன்ற இச்செயலால் தசைப் புரதம் காக்கப்படுகிறது. ஆனால் தைராய்டு மாத்திரை உண்பவர் ஏகாதசிதோறும் சஷ்டிதோறும் அதனை விடுவது முறையன்று. இம்மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாதலால், ஒரு நாள் தவறுவதால் பெருந்தீங்கு நேராது. விரதந்தோறும் தவறினால் குறை சேர்ந்துகொண்டே போகும். வெறும் வயிற்றில் நீருடன் உண்ண வேண்டிய மருந்து இது. நீரும் அருந்தாத விரதம் பூணுவோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று. மற்ற நாட்களில் மாத்திரைக்குப் பின் காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம்.

இரண்டாவது இந்துப்பு. விரத நாட்களில் இந்துப்பைச் சேர்ப்பதில் தடையில்லை. ஆண்டு முழுவதும் அதை மட்டுமே சமையலில் இட்டால், அயோடின் சேர்த்த உப்பினால் கிடைக்கும் பலன் இல்லாமற்போகும். ஜ்வாலாமுகி அம்மன் எழுந்தருளியிருக்கும் இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தது. 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியோரும் அங்கே தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பை உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. எனினும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வரும் குறைபாட்டை உப்பு மட்டும் தீர்க்காது. அதற்கு மாத்திரையே வேண்டும்.

அம்மாத்திரையைப் பற்றி ஐயுறுவோரும் உள்ளனர். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் டாக்டர் மர்ரே, தைராய்டு குறைந்து வாடிய 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றைச் செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படும் தைராக்ஸின் வேதியியல் முறையில் தயாரிக்கப்படுவது. விலங்கின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவதன்று.

மூன்றாவது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை. தைராய்டு குறைந்தால் இரத்தக் கொழுப்பும் ஏறும். மூல காரணத்தை அறியாமல் ஸ்டாட்டின் வகை மாத்திரையைத் தொடங்கினால் தசைவலி மிகக்கூடும். எனவே தசை நோகும் முதியவர் டி.எஸ்.எச். சோதனையையும் மருத்துவரிடம் நினைவூட்டுவது நலம்.

அம்மையார் கதைக்குத் திரும்பலாம். சோதனையில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தது. வயதைக் கருதி மருத்துவர் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக மருந்தைக் கூட்டினார். குளிரும் மலச்சிக்கலும் முதலில் விலகின. தசை மட்டும் பொறுமையைக் கேட்டது; அது மீள மாதங்கள் பிடிக்கும். தை மாதத்தில் முப்பது படி; பங்குனியில் நாற்பது. வைகாசியில், கம்பியைப் பற்றாமல், அறுபதாம் படியில் நின்று கண் கலங்கினார்.

உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்டவர் திருமூலர். கோயிலில் விளக்கு மங்கினால் எண்ணெயைப் பார்ப்போம்; சுவாமி கோபித்துக்கொண்டார் என்று நடையைச் சாத்திவிட மாட்டோம். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் இவ்வாண்டு படியேற மறுத்தால், "வயதாகிவிட்டது" என்னும் சொல்லை ஒரு நாள் ஒத்திவைத்து, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் இறைத்தொண்டே ஆகும்.