“கூடும்” என்ற ஒரு சொல்லும் ஒரு பச்சை இகுவானாவும்

 

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர், நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை பள்ளிவாசல் படியில் நம்மை நிறுத்தினார். “ஹஜ்ரத், இகுவானா வளர்க்கலாமா? பையன் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கான்” என்றார். நாம் செருப்பைத் தேடியவாறே, “கூடும் பாய், தடையொன்றும் இல்லை” என்றோம். சிறுவர் அபூ உமைர் (ரலி) அவர்கள் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றிய ஹதீஸையும் ஆதாரமாக எடுத்துச் சொன்னோம். அவர் மனநிறைவோடு சென்றார். நாமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்ட நிறைவோடு வீடு திரும்பினோம்.

அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில். மற்றப் பாதி எங்கே போயிற்று என்பது எட்டு மாதங்கள் கழித்து, தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் மதரஸா வாசலுக்கு வந்தது.

கிரேட்டுக்குள் பச்சை நிறம் மங்கிய ஓர் உயிர் படுத்திருந்தது. முன்னங்கால்கள் வீங்கி வளைந்திருந்தன. விரல்கள் ஓயாமல் நடுங்கின. கீழ்த்தாடை ரப்பரைப் போல் மெத்தென்றிருந்தது. மாணவர் பெருமிதமும் கவலையும் கலந்த குரலில், “மூணு வேளையும் போடுறேன் ஹஜ்ரத். அவிச்ச முட்டை, சப்பாத்தி, பாலக்கீரை எல்லாம். இப்ப ஏறவே மாட்டேங்குது” என்றார். அவர் ஒரு வேளையும் தவறவிட்டதில்லை என்பதை நாம் அறிவோம். அன்பு குறையாத ஒரு வீட்டில், தட்டு நிறையத் தீனிக்கு நடுவே, அவ்வுயிர் மெல்ல மெல்ல எலும்புருகிக்கொண்டிருந்தது.

இங்கே சில விவரங்களைப் பொறுமையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வளர்க்கலாமா’ என்று கேட்பவர்களுக்கும், ‘வளர்க்கலாம்’ என்று சொல்லும் நம்மைப் போன்றவர்களுக்கும் இவை தெரியாததுதான் குற்றத்தின் வேர்.

பச்சை இகுவானா நம் கரட்டுக் காடுகளில் திரியும் உடும்பு இனத்தைச் சேர்ந்ததன்று. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆற்றோரப் பெருமரங்களின் உச்சியில் வாழ்வது அது. உடும்பு இறைச்சி உண்ணும், இகுவானா இலையுண்ணி. கடையில் விரலளவு குட்டியாகக் காணப்படுவது, வால் உட்பட ஐந்தடி, ஆறடி வளரும். முறையாகப் பேணினால் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை உயிர் வாழும். பத்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் நிக்காஹ் நாளன்றும் அது வீட்டில் இருக்கக்கூடும். ஆளுயரக் கூண்டு, ஏறிப் படுக்கக் கிளைகள், ஈரமான காற்று ஆகியவை அதன் அன்றாடத் தேவைகள். நம் ஜலகண்டாபுரத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைக்கடியில், தறிச் சத்தத்தால் சுவரே அதிரும் பட்டறை மூலையில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அதை வைப்பது எத்தகைய செயல் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒளி. இகுவானா உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேர வேண்டுமானால் அதற்கு வைட்டமின் டி3 தேவை. அந்த டி3 அதன் தோலில் உருவாக, சூரிய ஒளியிலுள்ள யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் நேரடியாக உடலில் பட வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். தாடை மிருதுவாகும், கால் வளையும், நடுக்கம் வரும். நாம் கிரேட்டில் கண்டது அதைத்தான். மஞ்சள் குண்டு பல்பு வெப்பத்தைத் தரும், இந்தக் கதிரைத் தராது. சன்னல் வெயிலும் போதாது; கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். இதற்கெனத் தனிக் குழல் விளக்குகள் விற்கின்றன. அவையும் ஆறு மாதம், ஓராண்டில் கதிர்த்திறனை இழந்துவிடும். ஆனால் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எரிகிற விளக்கைக் கண்டு நாம் நிம்மதியடைவோம். அதற்குக் கீழே அது நொறுங்கிக்கொண்டிருக்கும்.

வேதனை என்னவென்றால், அல்லாஹ் இந்தச் சமவெளிக்கு அள்ளி வழங்கியிருக்கும் அருட்கொடை வெயில். பணம் கொடுத்து வாங்க வேண்டாம். காலையில் பாதி நிழலும் பாதி வெயிலுமாக முற்றத்தில் ஒரு கம்பி வலைக் கூண்டு, பக்கத்தில் ஒருவர் காவல், ஒரு தொட்டித் தண்ணீர் ஆகியவை போதும். அதைக்கூடச் செய்யாமல், ‘ஓடிவிடும்’, ‘பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள்’ என்று இருட்டறைக்குள் பூட்டினோம். பக்கத்து வீட்டார் பார்க்கக் கூடாது என்பதற்கான காரணம் வேறொன்றும் இருந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

தீனியும் அப்படித்தான். முட்டையின் மாவட்டம் நமக்கு அடுத்ததுதான். ஆகவே எதற்கும் முட்டை கொடுத்துப் பழகிவிட்டோம். இலையுண்ணியான இகுவானாவுக்கு முட்டையும் இறைச்சியும் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாலக்கீரையிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. வேலியில் தழைத்து நிற்கும் செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக்கீரை, மல்பெரி இலை, அளவாகப் பூசணி, பப்பாளி போன்றவையே அதற்கேற்றவை. காசே செலவில்லாத தீனியைக் கொல்லையிலேயே வைத்துக்கொண்டு, சப்பாத்தி சுட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம்.

“தடை செய்யும் ஆதாரம் இல்லை, ஆகவே கூடும்” என்ற வாதத்தைச் சமூக வலைத்தளங்களில் நம் இளைஞர்கள் வலுவாக முன்வைக்கின்றனர். தோளில் இகுவானாவை ஏற்றிக்கொண்டு ரீல்ஸ் போடுபவர்களின் கீழே “மாஷா அல்லாஹ்” என்ற வாழ்த்துகள் குவிகின்றன. அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அபூ உமைரின் பறவையைச் சொல்லும் நாவு, பூனையைக் கட்டிவைத்த பெண்மணியை ஏன் சொல்வதில்லை? இரண்டும் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்திகள். அப்பெண்மணி பூனையை அடித்துக் கொன்றதாக அந்த ஹதீஸில் இல்லை. அடைத்து வைத்தார், அதற்கு உணவளிக்கவில்லை, அதுவே தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகவே தண்டிக்கப்பட்டார். அடைத்துவைத்த கணத்திலேயே அந்த உயிரின் முழுத் தேவையும் அடைத்தவரின் கழுத்தில் வந்து விழுகிறது என்பதை ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து விரிவாகப் பேசுகின்றன. உணவளிக்க மறுக்கும் உரிமையாளர் அதை விற்றுவிட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும் என ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்பது வரை இமாம்கள் சென்றிருக்கின்றனர்.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தமது ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எழுதி வைத்தார். முதுமையாலோ நோயாலோ பயன்தராத நிலைக்கு வந்துவிட்டாலும் அவற்றுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதும், தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது என்பதும், அவற்றுக்குத் தீங்கிழைப்பவற்றோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பதும் அவற்றில் அடங்கும். இகுவானாவைப் பார்த்திராத ஓர் ஆலிம், அது இந்த மண்ணுக்கு வருவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் வழக்கைப் பேசி முடித்துவிட்டார். அந்நூல் நம் அலமாரியிலும் இருக்கிறது. செருப்பைத் தேடிய அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மறுபுறம், “அது ஓணான் சாதி, அடித்துப் போடுங்கள்” என்று சொல்லும் பெரியவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் விடுவதற்கில்லை. நாம் சிறுவர்களாயிருந்தபோது, மறைந்திருந்த நல்லடியார்களை ஓணான் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தது என்று கதை சொல்லி, கல்லும் சுருக்குக் கயிறும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எத்தனை ஓணான்களின் கணக்கு நம் ஏட்டில் இருக்கிறதோ, அல்லாஹ் மன்னிப்பானாக. அந்தக் கதைக்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஓணானும் இகுவானாவும் தலையாட்டுவது தம் எல்லையை மற்றொன்றுக்கு அறிவிப்பதற்கும் இணையைக் கவர்வதற்கும்தான். பல்லி பற்றி வந்துள்ள ஹதீஸை எடுத்து ஊர்வன அனைத்தின் மீதும் போர்த்துவது அறிவீனம். உயிருள்ள எதையும் குறிவைத்து எறியும் இலக்காக ஆக்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பதும் ஸஹீஹான செய்தியே.

இன்னொரு குழப்பமும் உண்டு. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்ட ‘ளப்பு’ என்ற பிராணியைத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘உடும்பு’ என்றே எழுதிவிட்டோம். அது பாலைநிலத்தில் வாழும் முள்வால் ஓணான். பெரும்பாலும் தாவரம் தின்பது. நம் காட்டு உடும்பு வேறு. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு “உடும்பு ஹலால்” என்று வேட்டைக்குப் புறப்படும் சகோதரர்களுக்கு ஒரு நினைவூட்டல்: நம் உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை.

இப்போது அந்தப் பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருவோம். மாணவரின் தந்தை குட்டியை வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக வாங்கியிருக்கிறார். ரசீது இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் இல்லை. தாய்லாந்திலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிகளுக்கிடையே சுருட்டி வைக்கப்பட்ட இகுவானாக்களையும் பாம்புகளையும் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ள செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டேயிருக்கிறது. அகப்படாமல் தப்பியவையே சந்தைக்கு வருகின்றன என்று ஐயுறுவதில் தவறென்ன? உயிரோடு வந்து சேரும் ஒன்றுக்குப் பின்னால் வழியிலேயே மூச்சுத் திணறி இறந்தவை எத்தனை என்று எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் பச்சை இகுவானா இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் அட்டவணை இத்தகைய அயல்நாட்டு உயிர்களுக்கானது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள 2024 பிப்ரவரி 28 அன்று தனி விதிகள் வெளியாயின. பரிவேஷ் இணையத்தளத்தில் பதிய ஆறு மாதக் கெடுவும் தரப்பட்டது. “இது மனிதன் போட்ட சட்டம்தானே” என்று நம்மிடமே ஒருவர் வாதிட்டார். உயிர்களைக் கடத்திச் சாகடிப்பதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் மார்க்கத்துக்கு எவ்விதத்தில் முரண்? வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் சட்டத்தைத் தேடி ஓடுபவர்கள், வாய் பேசா உயிர் என்று வரும்போது மட்டும் சட்டத்தை இகழ்வது விந்தை.

“வளர்க்க முடியவில்லை, மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் விட்டுவிடலாமா?” என்று கேட்டவரும் உண்டு. கூடவே கூடாது. நாம் மேலே சொன்ன ‘விட்டுவிட வேண்டும்’ என்ற சட்டம், தன் சொந்தக் காட்டுக்குத் திரும்பக்கூடிய உயிருக்கானது. எலும்பு வலுவற்றது மரமேற முடியாமல் நாய்க்கு இரையாகும். வலுவானது பிழைத்துப் பெருகினால் அது வேறொரு கேடு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்ப்பு வணிகத்தில் தப்பியும் விடப்பட்டும் பெருகிய இகுவானாக்கள் வாய்க்கால் கரைகளையும் கடற்சுவர்களையும் குடைந்து சரிக்கின்றன, தோட்டங்களை மொட்டையடிக்கின்றன. குளிர் அலை வந்தால் விறைத்து மரத்திலிருந்து உதிர்கின்றன. 2021-இல் அம்மாநில அரசு அவற்றைத் தடை செய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று ஆயிரக்கணக்கில் கொல்லப்படுகின்றன. தவக்குல் என்று பெயர் சூட்டி நாம் கரையில் விட்டுவருவதை, பின்னொரு நாள் யாரோ கொல்ல வேண்டி வரும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் முதலில் வனத்துறை அலுவலகத்துக்குச் சென்று உண்மையைச் சொல்லட்டும். பதிவா, ஒப்படைப்பா என்பதை அவர்கள் சொல்வார்கள். அதுவரை வெயிலும் இலையும் தண்ணீரும் அதன் ஹக்கு. ஊர்வனவற்றின் உடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்குமாறு மருத்துவ உலகம் சொல்கிறது. தொட்டால் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சமையற்கட்டுக்குள் விடக் கூடாது. அதன் எச்சம் நஜீஸ் என்பதில் நம் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. தொழுகை விரிப்பின் மேல் அதை உலாவவிட்டுப் படமெடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நம் பதில், இந்த ஊரின் நிலையை அறிந்து சொல்வது: வாங்காதீர்கள்.

கிரேட்டில் வந்த அந்த உயிரை ஊர்வன மருத்துவம் அறிந்த ஒருவரிடம் காட்டச் செய்தோம். எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் நூலிழை போலத் தெரிந்தன. சுண்ணாம்பு மருந்தும் காலை வெயிலும் தொடங்கிச் சில வாரங்களில் நடுக்கம் நின்றது. கால்களின் வளைவு இனி நிமிராது என்றார் மருத்துவர். தந்தை வனத்துறையிடம் சென்று அனைத்தையும் ஒப்புக்கொண்டார். அதை அவர்கள் எடுத்துச் சென்ற நாளில் மாணவர் மக்தபுக்கு வரவில்லை.

மறுநாள் வந்தார். அன்றைய பாடம் பூனையின் ஹதீஸ் அன்று, வேறெதுவோ. பாடம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவர் மட்டும் நின்று, “ஹஜ்ரத், நானும் அந்தப் பொம்பளை மாதிரிதானா?” என்று கேட்டார்.

“இல்லை தம்பி, உனக்குத் தெரியாது” என்றோம். அவர் தலையாட்டினார். “உங்களுக்குத் தெரியுமா ஹஜ்ரத்?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த ஜும்ஆவில், அதே படியில், அவருடைய தந்தையிடம் நம் முந்தைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.