சிவப்புக் குச்சிக்கு என்ன பெயர்?

போர்ட் கொச்சியில் சீன வலைகளை ஒட்டிய கடைகளில் மீன் வாங்குகிறவர்கள் விலையைத்தான் பார்ப்பார்கள்; மீன் வெட்டுகிறவரின் கையை யாரும் பார்ப்பதில்லை. முள் குத்துவதும் செதில் கீறுவதும் அந்தத் தொழிலில் தினசரி சமாச்சாரம். பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். அபூர்வமாக ஒரு கீறல் ஆறாது. சில வாரம் கழித்து அந்த இடத்தில் சிறு கட்டி எழும்பும். பிறகு முழங்கையை நோக்கி வரிசையாக இன்னும் சில கட்டிகள். வலி அதிகமில்லை என்பதால் டாக்டரிடம் போவதும் தாமதமாகும்.

கொச்சியோ தூத்துக்குடியோ, மீன் புழங்கும் எந்த ஊரிலும் இது நடக்கலாம். வீட்டில் வண்ண மீன் தொட்டி கழுவுகிறவருக்கும் வரலாம். கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் மரைனம். 1926ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியா மீன் காட்சியகத்து மீன்களில் இதை அரான்சன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். மனிதரையும் தாக்கும் என்பது 1950களில் ஸ்வீடனில், நீச்சல் குளத்தில் குளித்தவர்களின் புண்களை ஆராய்ந்தபோது தெரிய வந்தது. காசநோய்க் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம். தொல்லையே அந்தச் சொந்தத்தில்தான்.

கட்டியைக் கீறி பயாப்சிக்கு அனுப்பினால் 'கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வரும். சீல்-நீல்சன் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிருமி தென்படும் பட்சத்தில், சிவப்புக் குச்சிகள். காசநோய்க் கிருமியும் சிவப்புக் குச்சிதான். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் சொந்தக்காரர்கள், பெயர் வைக்கப்பட்டவை மட்டும் சுமார் 200, அவையும் சிவப்புக் குச்சிகளே. நம் நாட்டில் சந்தேகத்தின் பலன் எப்போதும் காசநோய்க்கே. ஆறு மாத மாத்திரை ஆரம்பமாகிவிடும். மரைனம் என்றால் நோயாளிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஐசோநியசிட்டும் பைராசினமைடும் பயன்படாவிட்டாலும், ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் வேலை செய்யும். மற்ற உறவினர்களிடம் இந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது.

கிருமியை வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியும், ஆனால் எப்படி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. காசநோய் சோதனைக்கூடத்தின் இன்குபேட்டர் 37 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. மரைனத்துக்கோ 30 முதல் 33 டிகிரிதான் பிடிக்கும். 37ல் சோம்பிக் கிடக்கும், அல்லது வளரவே வளராது. 'வளர்ச்சி இல்லை' என்ற ரிப்போர்ட்டில் சோதனைக்கூடத்தின் தவறு எதுவும் இருக்காது. நோயாளி மீன் வெட்டுகிறவர், புண் கையில் இருக்கிறது என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் இன்னொரு குழாயைக் குறைந்த வெப்பத்தில் வைத்திருப்பார்கள்.

வளர்ந்த பிறகு பெயர் கண்டுபிடிக்கும் முறைகளில் பழையது அழகானது. 1959ல் ரன்யன் என்ற அமெரிக்கர் இந்தக் கூட்டத்தை நான்காகப் பிரித்தார். அவருக்குத் தேவைப்பட்டவை காலண்டரும் ஒரு விளக்கும்தான். ஒரே கிருமியை இரண்டு குழாய்களில் வளர்க்க வேண்டும். ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றிவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் மட்டும் மஞ்சளாவது முதல் வகை. மரைனம் இதைச் சேர்ந்தது. இருட்டிலும் மஞ்சளாவது இரண்டாவது. நிறமே பிடிக்காதது மூன்றாவது. ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும் அவசரக்காரர்கள் நான்காவது. கூடவே சில ரசாயனச் சோதனைகள். பாரா நைட்ரோ பென்சாயிக் அமிலம் கலந்த ஊடகத்தில் காசநோய்க் கிருமி வளராது, மற்றவற்றில் பெரும்பாலானவை வளரும். 68 டிகிரி சூட்டுக்குப் பிறகும் கேட்டலேஸ் நொதி பிழைத்திருந்தால் அது காசநோய்க் கிருமியாக இருக்க வாய்ப்பில்லை.

இதெல்லாம் எங்கோ நடக்கும் அபூர்வம் என்று நினைப்பவர்கள் திருவள்ளூரை நினைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்தப் பகுதியில் 1968ல் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பங்கேற்றார்கள். 1979ல் வெளிவந்த முடிவு உலகையே திடுக்கிட வைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. (குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது, அதற்காகத்தான் இன்றும் போடுகிறார்கள்.) தோலில் செய்த சோதனைகள், அங்குள்ள பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் சுற்றுப்புற மைக்கோபாக்டீரியாக்களோடு ஏற்கெனவே பரிச்சயமானவர்கள் என்று காட்டின. சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் அந்த வட்டாரத்து மண், தண்ணீர், வீட்டுத் தூசி, சளி ஆகியவற்றிலிருந்து இந்தக் கிருமிகளை வளர்த்துப் பெயரிட்டு 1994ல் வெளியிட்டது. ஊசி தோற்றதற்கு இந்தப் பரிச்சயம்தான் காரணமா என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கிருமிகள் நம் மண்ணில் தாராளமாக இருக்கின்றன என்பதில் விவாதம் இல்லை.

குழாயும் விளக்கும் போதாத இடங்கள் உண்டு. அவசரக்காரர்களில் மிக மோசமானது அப்சஸஸ். லேப்ராஸ்கோப்பி துளையிலும் ஊசி போட்ட இடத்திலும் சீழ் வைக்கும். காசநோய் மாத்திரை எதற்கும் அசையாது. கிளாரித்ரோமைசின் கொடுக்கலாமா? சோதனைக்கூடத்தில் மூன்றாம் நாள் பார்த்தால் மருந்து கிருமியை அடக்கியிருக்கும். பதினான்காம் நாள் பார்த்தால் கிருமி மருந்தை ஜெயித்திருக்கும். எர்ம் 41 என்ற மரபணு மெதுவாக விழித்துக்கொள்வதால் வரும் வினை. இதே இனத்தின் மஸிலியன்ஸ் என்ற துணைப்பிரிவில் அந்த மரபணு ஊனமானது; அங்கே மருந்து பலிக்கும். இனத்தின் பெயர் மட்டுமல்ல, துணைப்பெயரும் தெரிந்தாக வேண்டும். அதற்கு டி.என்.ஏ.வைத்தான் படிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் விஞ்ஞானிகளும் சும்மா இருப்பதில்லை. 2018ல் ஒரு குழு மைக்கோபாக்டீரியம் என்ற பேரினத்தை ஐந்தாக உடைத்தது. அப்சஸஸ் இப்போது சில ரிப்போர்ட்டுகளில் மைக்கோபாக்டீராய்டஸ் என்று வருகிறது. கொச்சின் கொச்சியான மாதிரி. ஆள் அதே ஆள்தான். டாக்டர்களில் பலர் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் நோயாளிக்கும் நல்லது.

இன்றைக்குக் காசநோயா இல்லையா என்பதைச் சொல்ல இரண்டு மணி நேரம் போதும். ஜீன் எக்ஸ்பெர்ட் கருவி சொல்லிவிடும். வளர்ந்த கிருமி என்றால் எம்.பி.டி. 64 அட்டை கால் மணியில் சொல்லும். கோளாறு அதற்கப்புறம்தான். சளியில் சிவப்புக் குச்சி தெரிகிறது, ஜீன் எக்ஸ்பெர்ட்டோ காசநோய் இல்லை என்கிறது என்றால், பல இடங்களில் இரண்டாவதை நம்பாமல் மாத்திரையைத் தொடர்கிறார்கள். அல்லது 'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா' என்று எழுதிவிட்டுக் குழாயை அழித்துவிடுகிறார்கள். அந்தக் குழாயைப் பெரிய சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சளியில் ஒரே ஒரு தடவை வந்ததை வைத்து நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்ததில்கூட இது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு மாதிரிகளிலாவது அதே பெயர் வர வேண்டும்; எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.