ஏதென்ஸ் மருமகளும் கீழத்தெரு மருமகனும்

பெரியப்பா வீட்டு மருமகள் ஏதென்ஸ்காரர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணன் காதலித்துக் கட்டிய மதினி. கிறிஸ்தவர் அல்லாதவரோடு நடக்கும் கல்யாணத்துக்கு அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இடமில்லை. 1982இல் கிரேக்கத்தில் வந்த பதிவுத் திருமணம்தான் கைகொடுத்தது. ராயகிரிக்கு வந்தபோது தெருவே கூடி ஆரத்தி எடுத்தது. மதினியின் தங்கை கல்யாண வீடியோவில் மணமக்கள் மேசையை மூன்று முறை சுற்றியதைப் பார்த்த பெரியப்பா, "நம்ம அக்னி வலம் மாதிரில்லா இருக்கு" என்று பூரித்தார்.

அதே பெரியப்பாவிடம் நான் விரும்புபவர் யாரென்று சொன்னேன். கீழத்தெருக்காரர். ஒரே மொழி, ஒரே காளியம்மன், ஒரே கம்மாய். "வெட்டிப் போடுவேன்" என்றார். கலாச்சாரம் கெட்டுவிடுமாம்!

மொழி, மதம், சாப்பாடு எல்லாம் வேறான பெண் வந்தபோது கெடாத கலாச்சாரம், மூன்று தெரு தள்ளிப் பிறந்தவரால் எப்படிக் கெடும்? நீங்கள் காப்பது கலாச்சாரத்தை அல்ல, சாதியை. வெள்ளைத்தோல் உங்களுக்குக் கௌரவம். கீழத்தெரு மருமகனோ உங்கள் திண்ணையில் சமமாக உட்காருவார். அதுதான் எரிகிறது.

புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு 1967இலேயே சட்டம் இயற்றியது. ஆனாலும் 2016இல் உடுமலை சங்கரை வெட்டினார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவினை வெட்டினார்கள். மணமுடிக்கச் சட்டம் இருக்கிறது. உயிரோடு வாழத்தான் உத்தரவாதமில்லை. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்பது அதனால்தான்.

தோழர்களே, "நாங்க சாதி பாக்கமாட்டோம், வெளிநாட்டு மருமகளே இருக்கா" என்று யாராவது பெருமையடித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கீழத்தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள்?